இரண்டாம் மாடியில் நேர்முகத் தேர்வு

தவமணிக்கு அரசாங்கத்திடமிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. அது 1987ஆம் ஆண்டு, மார்ச் மாதம். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கைகள் நன்றாக இருந்தன. அந்தக் கைகளால் நிமிடத்துக்கு அறுபது சொல் தட்டச்சு செய்வாள். மலாயில் சுருக்கெழுத்தும் தெரியும். வேலை டைப்பிஸ்ட் வேலை. எழுத்துத் தேர்வில் அவளுக்கு இரண்டாம் இடம்.

விண்ணப்பப் படிவத்தில் உடற்குறை பற்றிக் கேட்ட இடத்தில், இரண்டு கால்களும் செயலற்றவை, சக்கர நாற்காலியில் வருவேன் என்று தெளிவாக எழுதியிருந்தாள். அழைப்புக் கடிதத்தில் "இரண்டாம் மாடி, ஏழாம் அறை, காலை மணி 8.30" என்று இருந்ததைப் பார்த்ததும், பக்கத்துக் கடைக்குப் போய் அந்த ஆபீசுக்குப் போன் செய்து லிப்ட் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்த பெண், "வாங்க லா, வந்தா பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தவமணியின் அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் முப்பத்துநான்கு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க வேலை என்றால் அவருக்கு ஒரு பயபக்தி. மகளுக்கு அந்த வேலை கிடைத்துவிடும் என்றே நம்பினார். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். தேர்வு நாளன்று நீளக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு வாசுவின் டாக்சியில் நாற்காலியை மடக்கி ஏற்றிக்கொண்டு, பட்டர்வொர்த்திலிருந்து பெரிக் கப்பலில் ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு பத்து.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. வாசலில் ஆறு கல்படி. உள்ளே அகலமான மரப்படிக்கட்டு. லிப்ட் கிடையாது.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் விநாசித்தம்பி கடிதத்தைக் காட்டினார். அவன் நாற்காலியைப் பார்த்தான், படியைப் பார்த்தான், மேலே போய்ச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினான். அவர் மேலே போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"வெயிட் பண்ணச் சொல்றாங்க, பிள்ளை."

அரைமணி நேரம் கழித்து மறுபடி ஏறிப் போனார். "ஆளை அனுப்புறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஆள் வரவில்லை. தேர்வுக்கு வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தவமணியைத் தாண்டி ஏறிப் போனார்கள். ஒரு பெண் அவளைப் பார்த்து, "காசியான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். ஐயோ பாவம் என்று அர்த்தம். தவமணிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒன்பதேகாலுக்கு மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். அந்த ஆபீசின் பியூன் இஸ்மாயில். ஐம்பது வயதிருக்கும், தமிழ் முஸ்லிம். தவமணியின் முகத்தைப் பார்க்காமல் அவள் அப்பாவிடம் பேசினார்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. பேரு மூணு தடவ கூப்புட்டாங்க. ஆள் இல்லன்னு எழுதிட்டாங்க."

"ஆள் இல்லையா?" என்றாள் தவமணி. "என்னன்னு எழுதினாங்க?"

"தீடாக் ஹாடிர்."

வரவில்லை. அவள் எட்டு பத்திலிருந்து அந்தப் படிக்கட்டின் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் கீழ இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. உங்கப்பா வந்து சொன்னாரே."

விநாசித்தம்பி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி பிள்ளை, வா. கடிதம் எழுதிக் கேட்போம். இங்க நின்னு சத்தம் போடக்கூடாது. கவர்மெண்ட் ஆபீஸ்."

"நான் மேல போகணும், அப்பா."

இஸ்மாயிலும் ஜாகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரு தூக்குனா போயிரலாம் லா" என்று ஜாகா முன்னால் வந்து கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜாகா கையை இழுத்துக்கொண்டான். அவன் நல்ல எண்ணத்தோடுதான் வந்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் பதினெட்டு வயதில் வேறோர் ஆபீசில், வேறொரு காரியத்துக்காக, இரண்டு பேர் அவளை இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவனுடைய கை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. மாடிக்குப் போய்ச் சேரும்வரை இருந்தது. நாற்காலியில் இறக்கி வைத்தபின், அப்பா அவனுக்கு நன்றி சொன்னார். அவளும் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்திருந்தாள், இனி எந்தப் படிக்கட்டிலும் யாரும் தன்னைத் தூக்கப் போவதில்லை என்று.

"அப்பா, உங்க கைக்குட்டையைக் குடுங்க."

ஏன் என்று கேட்காமலே கொடுத்தார். அன்று அவள் கணுக்கால் வரை வரும் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். பாவாடையின் ஓரத்தைக் கணுக்கால்களோடு சேர்த்துக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, கையை ஊன்றித் தரையில் இறங்கினாள். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேற்படியில் அழுத்தி உடம்பைத் தூக்கினாள். ஒரு படி. பிறகு கால்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாள். மறுபடி கை, மறுபடி உடம்பு.

"பிள்ளை, வேணாம்" என்றார் விநாசித்தம்பி. அவள் அதற்குள் மூன்றாவது படியில் இருந்தாள்.

கல்படியில் மணல் இருந்தது. மரப்படியில் யாரோ வெற்றிலைச் சாறு துப்பியிருந்தார்கள், அது காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அடித்திருந்த பித்தளைத் தகடு உள்ளங்கையில் வெட்டியது. இறங்கி வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு மனிதர், கையில் கோப்போடு, அவளுடைய கால்களைத் தாண்டிக் குதித்துப் போனார். மன்னிக்கவும் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் சப்பாத்தின் தூசி அவள் பாவாடையில் விழுந்தது. முதல் மாடியில் சில கதவுகள் திறந்து, தலைகள் எட்டிப் பார்த்து, உள்ளே போயின. பின்னாலேயே அவள் அப்பா, அவள் சான்றிதழ் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் ஏறும்போது ஏறி, அவள் நிற்கும்போது நின்று வந்தார். அவருக்கும் பின்னால் இஸ்மாயில் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார்.

மொத்தம் நாற்பத்தெட்டுப் படிகள். மேலே வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது உள்ளங்கையில் ரத்தம். இஸ்மாயில் நாற்காலியை விரித்துப் பிடிக்க, அவளே ஏறி உட்கார்ந்தாள். கைக்குட்டையை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஏழாம் அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் சந்திரசேகரன் என்ற அதிகாரி. நாற்பது வயது, கண்ணாடி, அவரும் தமிழர்தான். கடைசியாக வந்த பையனைப் பார்த்து முடித்துவிட்டுக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தவமணியைப் பார்த்ததும் அவர் எழுந்தேவிட்டார்.

"ஐயோ, என்னம்மா இது! ஏம்மா இப்படிலாம் கஷ்டப்பட்டு வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"எங்கப்பா ரெண்டு தடவ வந்து சொன்னாரே, சார்."

அவர் விநாசித்தம்பியைப் பார்த்தார். "அங்கிள், நாங்க ஆள் அனுப்பத்தான் நெனச்சோம். பிசி. எல்லாம் முடிஞ்சிருச்சு. லிஸ்ட் போயிருச்சு."

லிஸ்ட் எங்கும் போகவில்லை. மேசைமேலேயே இருந்தது. தலைகீழாக இருந்தாலும் தவமணியால் வாசிக்க முடிந்தது. பன்னிரண்டு பெயர்கள். அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் தீடாக் ஹாடிர்.

"அதை அடிங்க, சார். வந்துட்டேன்னு எழுதிட்டு டெஸ்ட் குடுங்க."

"அப்படி அடிக்க முடியாதும்மா. டைம்னு ஒண்ணு இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இந்த வேலை கெடச்சாலும் தினம் எப்படி ஏறி வருவீங்க? நீங்களே யோசிங்க."

நல்லதுக்கு. அந்தச் சொல்லை அவள் சிறு வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்லதுக்குத்தான் பள்ளியில் சேர்க்கத் தயங்கினார்கள். நல்லதுக்குத்தான் அண்ணன் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். அழுதுவிடுவோமோ என்று அவளே பயந்தாள். அழுகை வரவில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளி, கதவுநிலைக்கு நடுவே குறுக்காகத் திருப்பி நிறுத்திப் பிரேக்கைப் போட்டாள். அந்த அறைக்கு அது ஒன்றுதான் வழி.

"கீழ இருந்தப்போ வரலைன்னு எழுதினீங்க. இப்ப மேல இருக்கேன். போகலைன்னு எழுதுங்க."

மற்ற இரண்டு அதிகாரிகளும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டார்கள். சந்திரசேகரன் சிரிக்க முயன்றார். பிறகு குரலைத் தாழ்த்தி விநாசித்தம்பியிடம் சொன்னார்: "அங்கிள், நீங்க படிச்சவங்க, பெரியவங்க. மகளைக் கூட்டிட்டுப் போங்க. ஜாகாவைக் கூப்புட வேண்டியதாயிரும்."

தவமணி அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு மின்சாரக் கணக்கெடுக்க வரும் பையனைக்கூட எழுந்து நின்று 'சார்' என்று கூப்பிடுகிறவர். கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வா பிள்ளை" என்பார்.

விநாசித்தம்பி நடந்துபோய், தேர்வுக்கு வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"முப்பத்திநாலு வருஷம் நானும் கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல எழுதினவன்தான், தம்பி" என்றார். குரல் உடைந்துதான் வந்தது. "லேட்டா வந்தவனை லேட்டுன்னு எழுதியிருக்கேன். குடிச்சிட்டு வந்தவனைக் குடிச்சிட்டு வந்தான்னு எழுதியிருக்கேன். வந்தவனை வரலைன்னு ஒருநாளும் எழுதினதில்ல. அதைத் திருத்துங்க. ஜாகாவைக் கூப்புடறதுன்னா கூப்புடுங்க."

சந்திரசேகரனுக்கு முகம் சிவந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது, மதிய உணவு வேளையும் நெருங்கிவிட்டது. வராந்தாவில் இஸ்மாயிலோடு இன்னும் நாலைந்து பேர் கூடி நின்றார்கள், யாரும் எதுவும் செய்யவில்லை. கடைசியில் அவர் சிவப்பு எழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'ஹாடிர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிய தாளைத் தவமணியிடம் காட்டிய பிறகுதான் அவள் பிரேக்கை எடுத்தாள்.

ரத்தம் கசிந்த கையோடு தட்டச்சுத் தேர்வு எழுதினாள். ஒரு பிழை. பிறகு நேர்முகத் தேர்வு. நாலே கேள்வி. இறங்கும்போதும் அவளாகவே இறங்கினாள். திரும்பும்போது டாக்சியை ஓட்டிவந்த வாசு, "கை என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

வேலை கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது, காரணம் எதுவும் இல்லாமல். காரணம் கேட்டுத் தவமணி எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: வேலையிடம் மேல்மாடியில் உள்ளது, விண்ணப்பதாரருக்கு ஏற்ற வசதி கட்டடத்தில் இல்லை. கீழே முத்திரையும் கையெழுத்தும். அதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். நூறு பிரதி எடுத்தாள். பத்திரிகைகளுக்கு அனுப்பினாள், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினாள், சங்கங்களுக்கு அனுப்பினாள். ஒரு பத்திரிகை வாசகர் கடிதப் பகுதியில் ஆறு வரி போட்டது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், தரைத்தளத்தில், அவளுக்கு வேலை கிடைத்தது. ஆனாலும் கட்டடத்தில் ஏறிவர வழி செய்யச் சொல்லி ஒவ்வொரு மாதமும் ஒரு கடிதம் அந்த ஆபீசுக்குப் போய்க்கொண்டே இருந்தது. "விட்டுரு பிள்ளை" என்று விநாசித்தம்பி ஒருநாளும் சொல்லவில்லை. தபால் தலையை அவரே ஒட்டினார்.

ஐந்து வருடம் கழித்து, 1992இல், அந்த ஆபீசிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. பொதுக் கட்டடங்களில் ஊனமுற்றோருக்கு வழி இருக்கவேண்டும் என்று விதி வந்திருந்த சமயம். சாய்தளம் கட்டியிருக்கிறார்களாம். திறப்புவிழாவுக்கு அவள் வரவேண்டுமாம்.

விடுப்புப் போட்டுவிட்டு, அப்பாவோடு போனாள். வாசலில் பந்தல், பூங்கொத்து, சிவப்பு ரிப்பன். கல்படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் சாய்தளம். மஞ்சள் பெயிண்ட் அடித்து நாற்காலிப் படமும் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த உடனேயே தவமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆறு படி உயரத்தை ஆறடி நீளத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சிறுவர் பூங்காவில் சறுக்கி விளையாடும் பலகைபோல் நின்றது.

சந்திரசேகரன் இப்போது பெரிய அதிகாரி. தலை நரைத்திருந்தது. கைகூப்பிக்கொண்டு வந்தார். "வாங்கம்மா, வாங்க அங்கிள். பாருங்க, உங்களாலதான் இது. நீங்க ஏறுற மாதிரி ஒரு படம் எடுக்கணும். நம்ம பையன் பின்னால இருந்து தள்ளுவான்."

"யாரும் தள்ள வேணாம். நானே ஏறிப் பார்க்கிறேன்."

சக்கரத்தைப் பிடித்து உந்தினாள். இரண்டடி ஏறியதும் முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது. அவள் தலை பின்னுக்குச் சாய்ந்தது. விநாசித்தம்பி ஓடிவந்து முதுகுப் பக்கம் பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். கூட்டத்தில் யாரோ பதறிப்போய் "அலாமாக்!" என்றார்கள். திறந்துவைக்க வந்திருந்த பிரமுகர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தவமணி நாற்காலியைப் பந்தலுக்குக் கீழிருந்த பெஞ்சுக்கு ஓட்டிவந்து, கையை ஊன்றிப் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். காலியான நாற்காலியைச் சந்திரசேகரன் பக்கம் உருட்டிவிட்டாள்.

"நீங்க ஏறிக் காட்டுங்க, சார்."

"என்னம்மா, விளையாடுறீங்க..."

"விளையாட்டு இல்ல. உக்காருங்க."

அவர் பிரமுகரைப் பார்த்தார். பிரமுகர், "சுபா லா" என்றார். முயன்று பாருங்கள் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். சந்திரசேகரன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சாய்தளத்தின் அடிக்கு உருட்டிக்கொண்டு போனார். உந்தினார். நாற்காலி ஓரடி ஏறி, அப்படியே பின்னால் உருண்டது. பட்டென்று இரண்டு சப்பாத்துக் கால்களையும் தரையில் ஊன்றி நிறுத்தினார்.

"காலை எடுங்க சார்!" தவமணி கத்தினாள். ஐந்து வருடத்துக் கடிதங்களெல்லாம் அந்தக் குரலில் இருந்தன. "உங்களுக்குக் கால் இல்ல. தூக்கி மேல வைங்க. இப்ப ஏறுங்க!"

சந்திரசேகரன் கால்களை மிதிபலகையில் தூக்கி வைத்தார். மறுபடி உந்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த முறை நாற்காலி கோணலாகத் திரும்பி, ஓரத்துச் சுவரில் இடித்து நின்றது. அவருடைய கண்ணாடி கீழே விழுந்தது. இஸ்மாயில்தான் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்.

சந்திரசேகரன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "கான்ட்ராக்டர் சொன்ன அளவு..." என்று ஆரம்பித்தார்.

"கட்டுறதுக்கு முன்னால என்னைக் கேட்டீங்களா? மாசம் ஒரு லெட்டர் போட்டேனே, எதையாவது பிரிச்சுப் படிச்சீங்களா? படம் எடுக்க மட்டும் நான் வேணும்!"

சந்திரசேகரன் தலையைக் குனிந்து, கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் பிரமுகர் ரிப்பன் வெட்டும் படம்தான் வந்தது. ஆனால் அன்று கூட்டத்தில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள் கதை பரவியது. நாலு மாதத்தில் அந்தச் சாய்தளத்தை உடைத்துவிட்டு, கட்டடத்தின் பக்கவாட்டில் நாற்பதடிக்குமேல் நீளத்தில், நடுவே ஒரு திருப்பம் வைத்து, இரண்டு பக்கமும் கம்பி போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பொதுமக்கள் வந்துபோகும் பிரிவைத் தரைத்தளத்துக்கு இறக்கினார்கள். மேல்மாடிகளுக்கு லிப்ட் வைக்கவில்லை. அந்த வருடமும் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், இரண்டாம் மாடியில்.

தவமணி அதன்பிறகு ஒருநாள், அப்பாவுடைய ஒரு காரியமாக, தனியாக அங்கே போனாள். வாசு டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். புதிய சாய்தளத்தில் யார் துணையும் இல்லாமல் ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. கதவைக் கடந்து உள்ளே போனாள்.

கவுண்டர் அவள் தலையைவிட உயரமாக இருந்தது. புத்தம் புதிய பலகை, வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. அந்தப் பக்கம் இருந்த கிளார்க் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றவரிடம், "என்ன வேணும்?" என்று கேட்டான். தவமணி கையை மடக்கிப் பலகையின் அடியில் ஓங்கி மூன்று தடவை குத்தினாள். கிளார்க் திடுக்கிட்டு எழுந்து, எட்டிக் கீழே பார்த்தான்.

"முதல்ல என் படிவத்தை வாங்குங்க" என்றாள். "அப்புறம் இந்தக் கவுண்டரை இந்த உயரத்துக்குச் செய்யச் சொன்னது யாரு? பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்." கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.